பதினோராவது டேங்க்

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து கிழக்கே போகும் சாலையில் இருக்கிற, தேங்காய் எண்ணெய் சுத்திகரிக்கும் நாளிகேரக் கார்ப்பரேஷனில் மொத்தம் பத்து டேங்குகள். அந்தப் பத்திலும் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பல ஊர்களில் பல பேர் அறிக்கை எழுதினார்கள். ஏறிப் பார்த்து எழுதியவர் சிக்கந்தர் ஒருவர்தான்.

பத்தொன்பது வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. காலை ஆறு மணிக்கு இரும்பு ஏணியில் ஏறுவார். டேங்கின் மூடியைத் திறந்து, நுனியில் பித்தளைக் குண்டு மாட்டிய எஃகு டேப்பை உள்ளே இறக்குவார். குண்டு அடித்தகட்டைத் தொடுவது விரலுக்குத் தெரியும். மேலே இழுத்து, எண்ணெய் எந்த இடம் வரைக்கும் நனைத்திருக்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். பாலக்காட்டில் துணிக்கடையும் மளிகைக்கடையும் வைத்திருந்த அவருடைய அண்ணன்மாருக்கு இது ஒரு வேலையாகவே படவில்லை. பெருநாளுக்கு எல்லாரும் கூடும்போது, "தம்பி எண்ணெயைத் தொட்டுப் பாத்துச் சம்பளம் வாங்குது" என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிக்கந்தரும் சிரிப்பார். ஆனால் தான் எழுதிய எண் தப்பாகிவிடுமோ என்று ஒருநாளும் அவருக்குத் தூக்கம் கெட்டதில்லை.

ஓணம் கழிந்த வாரத்தில் நாலாம் டேங்க் குறைய ஆரம்பித்தது. அதிலிருந்து மண்ணுக்கடியில் ஒரு குழாய், எண்ணெயின் நிறத்தை வெளுக்க வைக்கிற ப்ளீச்சிங் பிளாண்டுக்குப் போகிறது. சாயங்காலம் பிளாண்டை நிறுத்தி, பிளாண்டுப் பக்கத்து வால்வைப் பூட்டிவிட்டுப் போனால், விடிந்து பார்க்கும்போது டேங்கில் மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. மூன்று சென்டிமீட்டர் என்றால் முன்னூறு கிலோவுக்கு மேல் எண்ணெய். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் விட்டுவிடலாம். ஒரு வாரம் தொடர்ந்து குறைந்தது. சிக்கந்தர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் சிவராமகிருஷ்ணனின் அறைக்குப் போனார்.

"குழா எங்கியோ ஓட்டையாயிருக்குதுங்க சார். தோண்டிப் பாத்தாத் தெரிஞ்சுருங்க."

கல்பாத்தியிலிருந்து தினம் பஸ்ஸில் வந்துபோகிற சிவராமகிருஷ்ணன் யாரையும் கடிந்து பேச மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தோண்டணும்னா சிவில் செக்‌ஷன்லேருந்து ஃபயல் வரணுமாக்கும். சிவில் செக்‌ஷனை போன வருஷமே நிறுத்தியாச்சு. நிறுத்தின செக்‌ஷன்லேருந்து ஃபயல் வரதுக்குக் கொஞ்சம் தாமசம் ஆகும், கேட்டயா?"

சிக்கந்தர் எழுதிக் கொடுத்தார். அது கொச்சிக்குப் போயிற்று. இரண்டு மாதம் கழித்துக் கொச்சியிலிருந்து பதில் வந்தது. மண்வெட்டி வரவில்லை. கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ரீகன்சிலியேஷன் சாப்ட்வேர் ஒன்று வந்தது.

திறப்பு விழாவுக்கு ஜெனரல் மேனேஜர் ஜோஜோ நேரில் வந்தார். குத்துவிளக்கு ஏற்றி, கம்ப்யூட்டருக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். பத்து டேங்குக்கும் நடுவில் பந்தல் போட்டிருந்ததால் ஏணிகளை மூடிவிட்டார்கள். சிக்கந்தர் அன்றைக்கு அளவு எடுக்க முடியவில்லை. ஜோஜோ மைக்கைப் பிடித்தார்.

"இனி இந்த ஸ்தாபனத்தில் ஒரு துளி எண்ணெய் காணாமல் போனாலும் நமக்குத் தெரியும். தெரிந்த பிறகு அது காணாமல் போனதாக இருக்காது, கேட்டோ!"

எல்லாரும் கை தட்டினார்கள். சிக்கந்தரும் தட்டினார்.

சாப்ட்வேரைப் பொருத்த வந்தது சுஷ்மா என்கிற பெண். சித்தூர் காலேஜில் படித்து, கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவள். அவள் மட்டும்தான் விழா முடிந்ததும் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு டேங்குகளைப் பார்க்க வந்தாள். சிக்கந்தர் அவளிடம் கேட்டார்: "இது என்னதாங்க மேடம் பண்ணும்?"

"ஒண்ணும் பெரிய மாயமில்லைண்ணா. லாரி எடை ஒண்ணு சொல்லும், குழாய்ல இருக்கிற மீட்டர் ஒண்ணு சொல்லும், உங்க டேப் ஒண்ணு சொல்லும். எதுவுமே துல்லியமா இருக்காது. எதை எவ்வளவு நம்பலாம்னு முதல்ல எழுதி வெச்சிடுவோம். உங்க டேப்புக்கு மூணு மில்லிமீட்டர் இப்படி அப்படி இருக்கலாம்னு போட்டிருக்கேன். உள்ளே வந்தது, வெளியே போனது, இருப்பு எல்லாம் ஒத்துப்போற மாதிரி ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் பார்க்கும். எவ்வளவு தள்ளியும் ஒத்துவரலேன்னா அந்த இடத்தைச் சிவப்பாக் காட்டும்."

"நாலு சாட்சிய நிக்க வெச்சு விசாரிக்கறாப்புலீங்களா?"

"அதேதான்."

மறுநாள் காலை அவள் சாப்ட்வேரை ஓட்டினாள். திரை முழுக்கப் பச்சையாக இருந்தது. நாலாம் டேங்குக்கும் ப்ளீச்சிங் பிளாண்டுக்கும் நடுவில் மட்டும் ஒரு கோடு ரத்தச் சிவப்பாக எரிந்தது. சுஷ்மா திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "அண்ணா, குழாய் ஒழுகுது."

இரண்டு மாதத்துக்கு மேலாகத் தான் சொன்னதை முதல் முறையாக இன்னொருவர் சொல்லக் கேட்டார் சிக்கந்தர். "நானுந்தான் சொன்னேனுங்க மேடம்," என்றார். அன்று மதியம் வீட்டுக்குப் போய் மனைவி ஃபஸீலாவிடம், "மிசினு நல்ல மிசினு" என்று மட்டும் சொன்னார். அவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதை வைத்து விஷயம் நல்லபடி முடிந்துவிட்டதென்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே சிவப்புக் கோட்டைப் பற்றி விவாதிக்கக் கூட்டம் போட்டார்கள். சிக்கந்தரைப் பதிவேட்டோடு வாசலில் நிற்கச் சொன்னார்கள்.

"மந்திரியின் ஆபீசுக்கு நாளைக்கு ஸ்க்ரீன் படம் அனுப்பணும்," என்றார் ஜோஜோ. "சிவப்போடு எப்படி அனுப்புவது? இதில் யாரோ ஒருவர் தப்பு சொல்கிறார். யார் என்று கண்டுபிடிப்போம்."

சிவராமகிருஷ்ணன் விரல் விட்டு எண்ணினார். "லாரி எடை மெஷினுக்கு சர்க்கார் முத்திரை இருக்கு. மீட்டர் ஜெர்மனிலேருந்து வந்ததாக்கும், அதுக்கு சர்டிபிகேட் இருக்கு. சிக்கந்தர் நல்ல மனுஷன். நான் ஒண்ணும் குத்தமாச் சொல்லலை. ஆனா சிக்கந்தருக்கு என்ன சர்டிபிகேட் இருக்கு?"

"சார், இந்த சாப்ட்வேரே எங்க தப்பு இருக்குன்னு தேடறதுக்குத்தான்," என்றாள் சுஷ்மா. "அது தேடிக் கண்டுபிடிச்சிடுச்சு."

ஜோஜோ அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "மோளே, நாங்கள் டெண்டரில் என்ன எழுதினோம்? நஷ்டத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் சாப்ட்வேர் என்று எழுதினோம். நஷ்டத்தைக் காட்டும் சாப்ட்வேர் வேண்டும் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறோமா?"

அவர்கள் கேட்டது சின்ன விஷயம். சிக்கந்தரின் டேப்புக்கு மூன்று மில்லிமீட்டர் என்று போட்டிருந்த இடத்தில் நாற்பது சென்டிமீட்டர் என்று போட வேண்டும். மனுஷ அளவு என்பதால். சுஷ்மா முடியாது என்றாள். அவளுடைய கம்பெனிக்கு போன் போயிற்று. கம்பெனியிலிருந்து அவளுக்கு போன் வந்தது. அவள் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, எண்ணை மாற்றினாள். சிவப்புக் கோடு பச்சையாயிற்று. அடியில் நஷ்டம் பூஜ்யம் என்று வந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

ஊருக்குப் போகும்போது அவள் சிக்கந்தரிடம் வந்து நின்றாள். "ரிப்போர்ட்ல அறுபத்தோராம் பக்கத்துல உண்மையை எழுதியிருக்கேன்ணா."

"அறுபத்தோராம் பக்கத்த யாருங்க மேடம் படிப்பாங்க?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சிக்கந்தரைச் சரிசெய்யும் பணி தொடங்கியது. பாலக்காட்டில் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டாக்டர், "கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். கண் நன்றாக இருந்தும் தப்பாக அளக்கிறார் என்று அந்தச் சீட்டு அவருடைய ஃபயலில் அவருக்கு எதிராகச் சேர்ந்தது. பிறகு டேப் பிடிக்க மூன்று நாள் பயிற்சி. பயிற்சி கொடுத்தவர் ஒரு டேங்க் மேலும் ஏறியதில்லை. ஆனால் ஏணிகளின் பாதுகாப்பைப் பற்றிப் படங்கள் வைத்திருந்தார். கடைசியில் ஓர் உத்தரவு வந்தது. தினம் காலை ஐந்தே முக்காலுக்குச் சாப்ட்வேர் ஒரு சீட்டு அச்சடிக்கும். அதில் பத்து டேங்கின் அளவும் இருக்கும். சிக்கந்தர் அதைப் பதிவேட்டில் பார்த்து எழுத வேண்டும்.

"அப்ப நான் ஏற வேண்டாங்களா சார்?"

"ஏறணும்," என்றார் சிவராமகிருஷ்ணன். "ஒருத்தர் நேர்ல ஏறி அளந்திருக்கணும்னு சட்டம் இருக்கு. ஏறு, பாரு, இறங்கு. எழுதறதை மட்டும் சீட்டைப் பாத்து எழுது. நோக்கும் சிரமமில்லை."

சிக்கந்தர் ஏறினார், பார்த்தார், இறங்கினார். சீட்டைப் பார்த்து எழுதினார். நாலாம் டேங்குக்குத் தான் பார்த்த எண்ணை மட்டும் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். ஏன் குறிக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. குறிக்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மார்கழியில் கணவாய்க் காற்று அடிக்கத் தொடங்கியதும் ஒருநாள் காலை கேட்டில் அப்புசாமி வந்து நின்றார். கார்ப்பரேஷன் மதிலை ஒட்டினாற்போல் அவருக்கு ஒன்றரை ஏக்கர் தோப்பு, மூன்று மாடு, ஒரு கிணறு. கையில் ஒரு பக்கெட் இருந்தது. அதில் தண்ணீருக்கு மேல் வெள்ளையாக ஒரு விரல் கனத்துக்கு ஏடு படிந்திருந்தது.

"ஏனுங்க பாய், இது என்னுங்க? கெணறே இப்பிடித்தான் ஒறஞ்சு கெடக்குது. மாடு வாய் வெக்க மாட்டேங்குதுங்க."

சிக்கந்தர் ஏட்டை விரலால் தொட்டு முகர்ந்தார். சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய். இத்தனை நாள் மண்ணுக்குள்ளே நடந்து கிணற்றுக்கு வந்து, குளிரில் உறைந்திருக்கிறது. அவர் அப்புசாமியைக் கையோடு கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனார். பக்கெட்டை மேசையில் வைத்தார். இனி யாரும் மறுக்க முடியாது என்று நினைத்தார்.

சிவராமகிருஷ்ணன் பக்கெட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "நம்ம நஷ்டம் பூஜ்யம். அப்போ இது நம்ம எண்ணெய் இல்லை," என்றார். பிறகு சற்று யோசித்து, அப்புசாமியிடம் மெதுவாகக் கேட்டார்: "இவ்வளவு எண்ணெய் உமக்கு எங்கேருந்து கிடைச்சுது?"

அப்புசாமிக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போனார். பஞ்சாயத்து கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியது. சோதனையில் எண்ணெய் கார்ப்பரேஷனுடையதுதான் என்று சந்தேகமில்லாமல் வந்தது. அப்புசாமி அந்தத் தாளை எட்டாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ஜோஜோ கொச்சியிலிருந்து வந்தார். கிணற்றடியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். வாளியில் கொஞ்சம் மொண்டு தானே முகர்ந்து பார்த்தார். சிக்கந்தருக்கு அது நம்பிக்கை தந்தது.

"எண்ணெய் நம்முடையது," என்றார் ஜோஜோ. "நஷ்டமோ பூஜ்யம். இரண்டும் சத்தியம். அப்படியானால் இந்த எண்ணெய் நஷ்டமாகவில்லை. நம்முடைய இருப்பில்தான் இருக்கிறது. இருப்பு வைக்கிற இடத்துக்கு என்ன பெயர்?"

கேட்டுவிட்டு அவரே கிணற்றை விரலால் சுட்டினார்.

"டேங்க்," என்றார் ஜோஜோ.

ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்தது. சாப்ட்வேரில் பதினோராவது டேங்க் என்று ஒரு வட்டம் சேர்த்தார்கள். இருப்பு திடீரென்று கூடியதால் கார்ப்பரேஷன் முதல் முறையாக இலக்கைத் தாண்டியது. கிணற்றைச் சுற்றிக் கம்பிவலை அடித்து, இரும்பு மூடி போட்டு, பூட்டிச் சீல் வைத்தார்கள். 'டேங்க் 11. புகை பிடிக்காதீர்' என்று மூன்று பாஷையில் பலகை நட்டார்கள்.

"சார், அந்தக் குழாய மட்டுமாச்சும் தோண்டி அடைச்சிரலாங்களே," என்று சிக்கந்தர் கெஞ்சினார்.

சிவராமகிருஷ்ணன் நிஜமாகவே வருத்தப்பட்டார். "முந்தியே சொல்லியிருந்தா பாத்திருக்கலாம். இப்போ அது ஓட்டைக் குழாய் இல்லை கேட்டயா, பதினோராம் டேங்குக்குப் போற அங்கீகாரம் பெற்ற குழாய். அதை அடைச்சா டேங்குக்கு வரத்து நின்னுடும். பேலன்ஸ் கெடும்."

பதினோராம் டேங்கை அளக்க வேண்டியவரும் சிக்கந்தர்தான். காலை ஆறரைக்கும் மாலை நாலுக்கும் அவர் சீலை உடைத்து மூடியைத் திறப்பார். எண்ணெய்க்கு அடியில் இருக்கிற தண்ணீர், டேங்கின் கழிவு நீர் என்ற கணக்கில் வந்தது. அதை அப்புசாமி எடுத்துக்கொள்ளலாம், ஒரு நேரத்துக்கு ஆறு குடம். அப்புசாமியின் மனைவி முத்துப்பேச்சி ஏட்டை விலக்கி விலக்கி மொண்டு, துணியில் வடிகட்டிக் கொண்டுபோவாள். ஒவ்வொரு குடத்துக்கும் சிக்கந்தர் ஒரு கோடு போட வேண்டும். அவர் ஆறாவது கோட்டைப் போடத் தாமதித்து எட்டுக் குடம் வரைக்கும் விட்டுவிடுவார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ஒரு மாடு செத்த அன்று அப்புசாமி கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க பாய், நீங்களும் இத டேங்குன்னுதான் எழுதறீங்களா?"

"என்னங்ணா பண்ணட்டும்? எழுதச் சொல்றாங்க."

"பத்தொம்பது வருசமா நீங்க பாத்துதான எழுதினீங்க? இப்பவும் பாத்துக்கிட்டுத்தான நிக்கிறீங்க?"

சிக்கந்தர் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. பழைய பதிவேட்டிலும் நோட்டிலுமாக இருந்த நூற்றுப் பதினான்கு நாள் அளவையும் ஒரு தாளில் அழகாக எழுதினார். ஃபஸீலா பக்கத்தில் வந்து நின்றாள். "முஹ்சினா காலேஜ் முடிக்கட்டும், அதுவரைக்கும் ஒண்ணும் வேண்டாங்க," என்று மகளை நினைத்துச் சொன்னாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அவளே கவர் எடுத்துக் கொடுத்தாள்.

கடிதம் கொச்சிக்குப் போனது. விசாரணைக்கு அழைத்தார்கள். ஜோஜோ அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தார், டீ வரவழைத்தார்.

"பாய், உங்கள் கடிதத்தை நாங்கள் குப்பையில் போடவில்லை. உங்கள் நூற்றுப் பதினான்கு அளவையும் சாப்ட்வேரில் போட்டோம். நியாயமாக இருக்கட்டும் என்று பழைய மூன்று மில்லிமீட்டரையே வைத்தோம். எல்லாம் சிவப்பு. ஒரே ஒரு நாளாவது நீங்கள் ஒத்துப்போயிருந்தால் நான் உங்கள் பக்கம் பேசியிருப்பேன்."

"தினமும் ஒரே அளவுதான சார் கொறஞ்சிருக்குது? ஒழுக்குன்னா அப்பிடித்தானுங்க இருக்கும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் சிவராமகிருஷ்ணன் பெருமையோடு. "நூத்திப்பதினாலு நாளும் மாறாம ஒரே தப்பு. எத்தனை அனுபவம் வேணும் அதுக்கு!"

சிக்கந்தர் எழுந்துவிட்டார். "சார், யாராச்சும் ஒருத்தர் ஒரே ஒரு தடவ ஏணில ஏறிப் பாருங்க சார். டேப்ப நாந் தர்றேனுங்க. பத்து நிமிசம் ஆகாதுங்க."

சிவராமகிருஷ்ணன் ஜன்னல் வழியே ஏணியைப் பார்த்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டார். ஜோஜோ தலையசைத்தார்.

"ஏறலாம். ஆனால் நான் ஏறிப் பார்த்தால் அதுவும் மனுஷ அளவாகிவிடும், பாய். அதற்கும் நாற்பது சென்டிமீட்டர் போட வேண்டும்."

தண்டனை ஒன்றும் கொடுக்கவில்லை. அவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. பத்து டேங்குகளையும் அளக்கும் பொறுப்பை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஏணிகளின் அடியில் பூட்டுப் போட்டார்கள். சுற்றுவட்டாரத்து வீடுகளில் புதிதாக எங்காவது எண்ணெய் வந்தால் உடனே எழுதித் தரும் வேலை அவருக்கு வந்தது. 'கொள்ளளவு விரிவாக்க உதவியாளர்' என்று பதவி. சம்பளம் அதேதான். அந்த வருஷம் மாநிலத்தில் நஷ்டமே இல்லாத ஸ்தாபனம் என்று கார்ப்பரேஷனுக்குக் கேடயம் கிடைத்தது. படத்தில் எல்லாரும் நிற்கிறார்கள். சிக்கந்தரும் ஓரமாக நிற்கிறார்.

அப்புசாமி மீதி இரண்டு மாடுகளையும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு ஆனைகட்டியில் மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது சிக்கந்தரைத் திட்டவில்லை. "வர்றனுங்க பாய்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று சிக்கந்தருக்குத் தோன்றியது.

அப்புசாமியின் தோப்புக்கு அடுத்து நாலு வீடுகள். எல்லாருக்கும் பொதுவாக ஒரே கிணறு. தை முடியும் தறுவாயில், அந்த வீடுகளில் ஒன்றில் இருக்கும் செல்வப்பிரியா அவரை வழியில் நிறுத்தினாள். அங்கன்வாடியில் வேலை செய்கிற பெண். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வந்துட்டுப் போங்க பாய்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

கிணற்றின் மேல் தென்னந்தடுக்குகளைப் பரப்பி, அதன்மேல் வைக்கோலைப் போட்டிருந்தார்கள். பார்த்தால் கிணறு இருப்பதே தெரியாது. வீட்டு வாசல்களில் மற்றப் பெண்கள் வந்து நின்றார்கள். செல்வப்பிரியா ஒரு தடுக்கை நகர்த்தினாள்.

சிக்கந்தர் பையிலிருந்து டேப்பை எடுத்து இறக்கினார். பழக்கத்தில் விரல் அடியைத் தேடியது. மேலே இழுத்தபோது, தண்ணீர்க் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை அளவுக்கு டேப் வெள்ளையாக வழவழவென்று வந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர்களும் பார்த்தார்கள்.

"எழுதிராதீங்க பாய்," என்றாள் செல்வப்பிரியா. "எழுதினீங்கன்னா பூட்டிருவாங்க. நாங்க வடிகட்டிக் குடிச்சுக்கறோமுங்க. கொதிக்க வெச்சா வாசம் அத்தனை தெரியறதில்லீங்க. கொழந்தைக பழகிருச்சு."

சிக்கந்தர் டேப்பை வேட்டி முனையால் துடைத்தார். ஒரு முறை துடைத்தது போதாமல் மறுபடியும் துடைத்தார். பதிவேட்டைத் திறந்து, தேதி எழுதி, பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாகத் தான் பார்க்காத ஒன்றை யாரும் சொல்லாமல் தானாகவே எழுதினார்: 'எண்ணெய் இல்லை.'

"தண்ணி நல்லாத்தான் இருக்குதுங்க," என்றார் சத்தமாக.

செல்வப்பிரியா கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு குனிந்து, தடுக்கை இழுத்துக் கிணற்றை மூடினாள். சிக்கந்தர் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார்.